பழைய அளவு

பால் பாயசத்தில் ஏலக்காயை நான் எப்போதும் கொஞ்சம் தூக்கலாகத்தான் போடுவேன். கசப்பை மறைப்பதற்காக அன்றைக்கு மட்டும் கூட்டிப் போட்டதாக என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அதை மட்டும் அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் சரி.

என் பெயர் நாகவல்லி. வீட்டுக்காரர் இறந்த பிறகு, அவர் வேலை பார்த்த ஆவடி ஃபேக்டரியிலேயே எனக்குக் கேண்டீனில் வேலை கொடுத்தார்கள். நானூறு பேருக்குச் சாம்பார் வைக்கிறேன். உப்பு, காரம் எல்லாம் கையளவுதான். இதுவரை ஒருத்தர் முகம் சுளித்ததில்லை. குவார்ட்டர்ஸில் நானும் என் மகன் உத்தமனும் மட்டும்தான்.

எண்பத்தெட்டு கடைசியில், பதினைந்து வயதில், அவன் மாத்திரை போட ஆரம்பித்தான். வலிக்குக் கொடுக்கிற மாத்திரை. போட்டால் எல்லாம் மறந்துபோகுமாம். அடித்தேன், சூடு வைத்தேன். வீட்டை விட்டு ஓடிப்போனான். நாலாம் நாள் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் வந்து, “யக்கா, உம்புள்ள அண்ணனூர் டேசனாண்ட வுயுந்து கெடக்கறான், போய் இட்டுகினு வா” என்றாள். போய்க் கூட்டி வந்தேன். வந்தவன் என் காலைப் பிடித்துக்கொண்டு, “யம்மா, ஒடம்பெல்லாம் முறிக்குது, ஒண்ணே ஒண்ணு குடும்மா” என்று அழுதான். கொடுத்தேன்.

அன்றிலிருந்து நானே அம்பத்தூரில் ஒரு ஆளிடம் வாங்கி, நானே கொடுத்தேன். காலையில் மூன்று, சாயங்காலம் ஆறு. அதற்கப்புறம் அவன் தெருவில் விழவில்லை, ஊர் சுற்றவில்லை. நான் எப்போது வேலை முடிந்து வருவேன் என்று வாசலிலேயே உட்கார்ந்திருப்பான். மாத்திரை போட்டதும் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வான். பதினாறு வயதுப் பையன் எந்த வீட்டில் அம்மா மடியில் படுக்கிறான், சொல்லுங்கள். ஒன்றரை வருஷம் அப்படி இருந்தோம். நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரர் கோவிந்தராஜ்தான் நடுவில் மூக்கை நுழைத்தார். பூந்தமல்லிப் பக்கம், இந்தப் பழக்கத்தை விட வைக்கிற விடுதி ஒன்றில் அவனைச் சேர்த்துவிட்டார். ஐந்து மாதம் அங்கே இருந்தான். மிச்சமிருந்த மாத்திரைகளைத் துவரம்பருப்பு டப்பாவில் போட்டு வைத்தேன். எதையும் வீணாக்கிப் பழக்கமில்லை எனக்கு.

திரும்பி வந்தவன் சதை போட்டிருந்தான். சட்டையைத் தானே துவைத்தான், தட்டைத் தானே கழுவினான். நான் வரும்போது வாசலில் ஆள் இல்லை. மைதானத்தில் பந்து ஆடிக்கொண்டிருந்தான். என்னிடம் கேட்பதற்கு அவனுக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து, “யம்மா, ஓசூர்ல வேலை கெடச்சிக்கீது. தங்கறதுக்கு ரூமும் குடுக்கறாங்கோ. ஞாயித்துக்கெயம கெளம்பறேன்” என்றான்.

“நான் இன்னாடா பண்ணுவேன்?”

“உனுக்கு இன்னாமா, நல்லாத்தான கீற” என்று சிரித்தான்.

வெளியூரில் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள்? அங்கே மறுபடி ஆரம்பித்தால் யார் அளந்து கொடுப்பார்கள்? ஆரம்பிக்கிறதை என் கையாலேயே ஆரம்பிக்கட்டும் என்று நினைத்தேன். இதில் என்ன தப்பு?

ஞாயிறு சாயங்காலம் பாயசம் வைத்து, ஆறு மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். பையை ஓரமாக வைத்துவிட்டு மடியில் வந்து படுப்பான் என்று இருந்தேன். படுத்தான். தலையைக் கோதிக்கொண்டே இருந்தேன். மூச்சு நின்றது எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கூப்பிட வந்த கோவிந்தராஜ்தான் கண்டுபிடித்தார்.

பழக்கத்தை விட்டவனுக்குப் பழைய அளவைக் கொடுத்தால் உயிர் போய்விடும் என்று விடுதி டாக்டர் என்னிடம் சொல்லித்தான் அனுப்பினார். இல்லை என்று நான் சொல்லவில்லையே. அவர் ஐந்து மாதம் பார்த்தவர். நான் பதினேழு வருஷம் சோறு போட்டவள்.

முதல் டம்ளரோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பான் என்கிறீர்கள். அவனும் நிறுத்தத்தான் பார்த்தான். “போதும்மா” என்று டம்ளரைக் கையால் மூடினான். கையை விலக்கிவிட்டு மிச்சத்தையும் ஊற்றினேன். பிள்ளைகள் போதும் என்றுதான் சொல்லும், சார். எவ்வளவு போதும் என்று பெற்றவளுக்குத்தானே தெரியும்.