ரெண்டாவது குண்டு ஏறேல்லை

இல்லைத் தம்பி, நீர் முதல் உந்தத் துவக்கைக் கழட்டும், பேந்து கதைப்பம். உள்ளுக்குக் குண்டு இல்லை, ரெண்டு தரம் பாத்துத்தான் கொண்டு வந்தனான். போன ஞாயிறு கிளப்பில சூட்டுப் போட்டியில எனக்கு நடந்தது ஒரு மனிசனுக்கும் நடக்கக்கூடாது. முதல் வெடி நல்லா வெடிச்சுது. ரெண்டாவது குண்டு ஏறேல்லை. அரைவாசியில நிக்குது. இழுக்கிறன், தட்டுறன்... ம்ஹூம். பின்னால பதினேழு வெள்ளைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிக்கினம். கடைசியா வந்த ஆள் நான், இந்தத் தில்லையம்பலம். எழுபத்திரண்டு வயசு மனிசி ஒண்டு எனக்கு முன்னால வந்திட்டுது தம்பி.

எல்லாம் நீர் இந்தக் கடையில வைச்சு ஸ்பிரிங் மாத்தினதுக்குப் பிறகுதான். நான் சும்மா சொல்லேல்லை. முப்பது வருசம் லேத் மெசினோட கிடந்த கை இது. இப்பவும் இங்க அஜின்கோர்ட்டில கார் பாட்ஸ் செய்யிற கம்பனியில சூப்பவைசர். மெசின் முக்கினாலே எங்க நோகுதெண்டு சொல்லிப்போடுவன்.

ஓம், ஓம், அந்த ஆணியைக் கழட்டும்.

இந்தத் துவக்கு கடையில வாங்கின சாமானில்லைக் கண்டீரே. ஒவ்வொரு பாட்ஸா எடுப்பிச்சுப் பூட்டினது. கைத்துவக்கின்ர சின்னக் குண்டு, ரைபிளின்ர நீட்டு. ஒருக்கா அமுக்கினா ஒரு வெடி, மற்றக் குண்டைத் தானே இழுத்துக்கொள்ளும். இழுக்கவேணும். அதுக்கு ஸ்பிரிங்கும் பின்னால கிடக்கிற பாரமும் ஒத்துப்போகவேணும், புருசன் பெண்சாதி மாதிரி. எங்கட வீட்டு மாதிரியில்லை.

என்ர மனிசி யோகமலருக்கு இதைக் கண்ணில காட்டக்கூடாது. லைசென்சுக்குப் பெண்சாதியின்ர கையெழுத்தும் கேட்டவங்கள். ஒரு மாசம் கெஞ்சி வாங்கினனான். "சனம் அங்க முகாமில முள்ளுக்கம்பிக்குள்ள கிடக்கு, நீங்கள் இங்க துவக்குப் பூட்டுறியளோ" எண்டு கேக்கிறா. நான் என்ன ஆளையே சுடுறன்? கடதாசியைத்தானே சுடுறன். ஊரில ரெண்டு இயக்கம் கூப்பிட்டும் துவக்கைத் தொடாமல் ஓடி வந்தவன் நான். இங்க வந்து அரசாங்கத்துக்குக் காசு கட்டி, சோதினை எழுதிப் பாஸ் பண்ணி, அனுமதியோட தொடுறன்.

மாசியில பூட்டத் துவங்கினது. மேல ரிவியில வன்னிச் சண்டைச் செய்தி, கீழ பேஸ்மென்ரில நான். மே மாசம் சண்டையை நிப்பாட்டச் சொல்லிச் சனத்தோட சனமா நானும் ஹைவேயில போய்க் குந்தியிருந்தனான். வீட்டை வந்தா ஒரு அலுவலும் ஓடாது தம்பி. ஊத்தின தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கும். உதைப் பூட்டேக்க மட்டும் எல்லாம் ஓடும். ஏனெண்டு கேளாதையும், எனக்கும் தெரியாது. இப்ப எல்லாம் முடிஞ்சு அஞ்சு மாசம். யோகமலர் கடைசியாச் சொல்லிப்போட்டா, வாற ஞாயிறும் உது ஒழுங்கா வெடிக்காட்டி வித்துப்போட்டு வரட்டாம்.

அதுதான் நான் உம்மட முதலாளி சீமோனுக்கு ரெலிபோன் எடுத்தனான். "உங்கட பெடியனுக்கு வேலை தெரியாது" எண்டு சொன்னனான். ரில்வானை, உம்மைத்தான், இந்த வெள்ளியோட வேலையால நிப்பாட்டுறன் எண்டு அவர் சொன்னது... அது அவற்ர முடிவு. நான் நிப்பாட்டச் சொல்லேல்லை. குறையை மட்டும்தான் சொன்னனான்.

நீர் ஊரில எவடம்? காத்தான்குடியோ? ...யாழ்ப்பாணமோ! எங்க, சோனகத் தெருவோ? அப்ப தொண்ணூறில... எத்தினை வயசு? அஞ்சோ. ம்.

நாங்கள் ரெண்டு ஒழுங்கை தள்ளி. ஸ்பீக்கரில அறிவிச்சது கேட்டது. ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முஸ்லிம் சனமெல்லாம் ஊரை விட்டுப் போகவேணும் எண்டாங்கள் இயக்கப் பெடியள். நாங்கள் என்ன செய்யிறது, துவக்கு அவங்கட கையில. நான் படலைக்கு உள்ளுக்க நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். உங்கட ஆக்கள் எங்கட வாசலாலதான் போனவை. ஒரு மனிசி தண்ணி கேட்டது...

சரி, விடும். இப்ப அதையேன். ஸ்பிரிங்கைப் பாரும்.

என்ன, ஸ்பிரிங் நல்லாத்தான் கிடக்கோ? வடிவாப் பாரும். அப்ப குண்டைத் தள்ளி ஏத்துற போல்ட் ஓடுற இடத்தில என்ன அது, மஞ்சளா? துருவே? கிட்டக் கொண்டாரும், கண்ணாடி போடுறன். கட்டியாக் காஞ்சு போய்க் கிடக்கு. என்ன கிறீஸ் பூசினனீர்? ...மணந்து பாக்கிறதோ? தாரும்.

...

சந்தனம்.

நவராத்திரி முடிஞ்சு ஒரு கிழமைதானே. ஆயுத பூசைக்கு எங்கட ஆக்கள் தொழில் சாமானெல்லாம் கழுவிப் பொட்டு வைக்கிறவை. காருக்கு வைச்சனான், லேத்துக்கு வைச்சனான். யோகமலர் உதை மட்டும் சுவாமியறைக்குள்ள விடேல்லை. சரஸ்வதிக்கு முன்னால துவக்கோ எண்டு கத்தினா. நான் விடுவனே. கீழ வோஷிங் மெசினுக்கு மேல வைச்சு, நானே கற்பூரம் காட்டி, பெருவிரலால மொத்தமா ஒரு பொட்டு... மேல வைச்சா வழுக்கி அழிஞ்சு போகுமெண்டு... உள்ளுக்கும் ஒண்டு வைச்சனான். போட்டிக்கு முதல் நாள்.

சிரியும் தம்பி. சிரிக்கலாம். ஏன் சிரிக்காமல் துடைக்கிறீர்?

இஞ்ச பாரும், உது வெளியில தெரியத் தேவையில்லை. சின்ன அலுவல், சரி வந்திட்டுதெண்டு நான் சீமோனுக்கு ஒரு ரெலிபோன் எடுத்துச் சொல்லிவிடுறன். பெடியன் திருத்திப்போட்டான் எண்டு. அது காணாதே? ...என்ன, துணியைக் கீழ வைச்சிட்டீர்?

ஓம். காணாதுதான்.

அந்த மனிசிக்கு நான் தண்ணி குடுக்கேல்லைத் தம்பி. படலையைத் திறந்தா ஆரும் பாத்திடுவாங்களெண்டு பயம். கிணறு பத்தடியில கிடந்தது. உம்மட உம்மாவாத்தான் இருக்கவேணுமெண்டில்லை. ஆரோ ஒரு மனிசி.

உள்ளுக்கு சீமோன் இருக்கிறாரோ? கதவு சாத்திக் கிடக்கு. அந்தச் சந்தனக் கட்டியைச் சுரண்டின கடதாசியை எறியாதையும், இஞ்ச தாரும், காட்டவேணும்.

வாரும், போவம். நீர் முன்னால போய்த் தட்டும்...

இல்லையில்லை. நில்லும். நானெல்லோ தட்டவேணும்.