பன்னிரண்டு நிமிடம் எதையும் அழுத்தாதீர்கள்

வாதம் எல்லை மீறினால் மணியடிக்கவும், வாதிடுபவர் தொண்டை வறண்டால் தண்ணீர் கொடுக்கவும் தயாராக நடுநாயகமாக வீற்றிருக்கும் பல் மருத்துவர், தலைவர் அவர்களே! ஓய்வு பெற்ற பின்னும் ஓயாமல், மூக்குக்கண்ணாடிக்கு முன்னால் பூதக்கண்ணாடியும் பிடித்துத் துப்புத் தேடும் பெரியோர்களே! பிள்ளைகளை விளையாட்டிலிருந்து எழுப்பிவிட வந்து, "அவன் முழியே சரியில்ல, அவனைப் பிடி" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்ட தாய்மார்களே! சமையல்காரர்தான் குற்றவாளி என்று சத்தியம் செய்யும் என் அணிச் சிங்கங்களே! மருமகனே என்று முழங்கும் எதிரணி வேங்கைகளே! மருத்துவரே என்று மல்லுக்கு நிற்கும் மூன்றாம் அணி மாவீரர்களே! கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், கழுத்தில் 'பார்வையாளர்' அட்டையோடு அமர்ந்திருக்கும் அந்த ஒருவரே! உங்கள் அனைவருக்கும் லிப்ட் மெக்கானிக்கும் இம்மன்றத்தின் செயலாளருமான அடியேனின் வணக்கம்!

பேச்சைத் தொடங்குமுன் ஒரு சின்ன வேலை. பெரிய திரையைப் பாருங்கள். நம் உயிரினும் இனிய விளையாட்டு, 'மூன்றாவது கோப்பை'. கடைசிக் காட்சி. மாளிகையின் சொந்தக்காரர் நாற்காலியிலேயே இறந்து கிடக்கிறார். மேசையில் மூன்று கோப்பைகள், மூன்றாவதில் நஞ்சு. மருந்து அலமாரியின் சாவியைக் காணவில்லை. துப்பறியும் அம்மையார் நடுக்கூடத்தில் நிற்கிறார். எதிரே சமையல்காரர், மருமகன், மருத்துவர். 'குற்றவாளி யார்?' என்ற கேள்வி மின்னுகிறது. யாரை அழுத்தினாலும் அவரே குற்றவாளி என்று கதை முடிந்துவிடும், அதுதான் நம் சண்டைக்கே மூலம். இதோ, கன்ட்ரோலரைத் தலைவரின் மேசையில் வைத்துவிட்டேன். ஐயா, நான் பேசி முடிக்கும்வரை இதை யாரும் தொடக்கூடாது. நான் கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள்!

என்ன, முன்வரிசையில் மெகாபோன் அண்ணன் குரல் கேட்கிறது? "அழுத்துய்யா, சமையல்காரனை அழுத்து!" என்கிறாரா? நம் அணிக்காரர், அவசரம் இருக்கத்தானே செய்யும்! பொறுங்கள் அண்ணே. உங்களுக்கு ஒலிபெருக்கி எதற்கு என்று தெரிந்துதான் தலைவர் கொடுக்கவில்லை.

அன்பர்களே, நான்கு ஆண்டுகள்! நான்கு ஆண்டுகளாக நாம் என்ன செய்தோம்? எத்தனை விருந்தைப் பாழாக்கினோம்! எத்தனை வீட்டில் பேச்சுவார்த்தையை முறித்தோம்! நம் தலைவரையே கேளுங்கள். அவர் சமையல்காரர் அணி. ஒருநாள் அவர் நாற்காலியில் மருமகன் அணிக்காரர் ஒருவர் பல் வலியோடு வந்து உட்கார்ந்தார். வாயை அகலத் திறக்கச் சொல்லி, உள்ளே இரண்டு கருவிகளை வைத்துவிட்டு நம் தலைவர் கேட்டார்: "இப்ப சொல்லுங்க, சாவி மருமகன் கையில எப்படி வந்திருக்கும்?" அந்த மனிதர் என்ன பதில் சொல்வார்? "ஆ... ஆ..." என்றார். "பாத்தீங்களா, பதில் இல்ல!" என்று தீர்ப்பு எழுதிவிட்டார் தலைவர்! சிரிக்காதீர்கள் ஐயா, பாதிக்கப்பட்டவர் நான்காம் வரிசையில்தான் இருக்கிறார். இன்னும் மறுபக்கமாகத்தான் மெல்லுகிறார்.

இதெல்லாம் ஆசையால் வந்த சண்டை. ஒரு கதையை உயிராக நேசிப்பவன்தான் அதன் முடிவுக்காக உருண்டு புரளுவான். அதற்காக நான் வெட்கப்படவில்லை, பெருமைப்படுகிறேன்! ஆனால் வெட்கப்பட வேண்டிய ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

நம் மன்றத்தின் முதல் விதி என்ன? எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். ஆம்! சேவ் இல்லையேல் பேச்சு இல்லை! எந்த முடிவைக் கண்டதாகச் சொன்னாலும், அந்த முடிவை விளையாட்டு பதிந்துவைக்கும் சேவ் ஃபைலைக் காட்டியாக வேண்டும். காட்டாதவர் வாய் திறக்கக்கூடாது. இந்த விதியை எழுதிய கை எது? இந்தக் கைதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மண்டபத்தில் ஒரு பெண் எழுந்து நின்றார். "நாலாவதா ஒரு முடிவு இருக்கு, நான் பாத்தேன்" என்றார். "அதுல கொலையே நடக்கல" என்றார்.

கொலையே நடக்கவில்லையாம்! நினைவிருக்கிறதா? மூன்று அணிகளும் முதல்முறையாக ஒன்று சேர்ந்தது அன்றைக்குத்தானே! சமையல்காரர் அணி கொதித்தது. மருமகன் அணி குதித்தது. மருத்துவர் அணி மேசையைத் தட்டியது. "எதை அழுத்துனீங்க?" என்று கேட்டோம். "எதையும் அழுத்தல, அதுவா வந்துச்சு" என்றார். "சேவ் எங்கே?" என்றோம். "சேவ் ஆகலையே" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சோதித்தேன். ஐந்து நிமிடம் காத்திருந்தேன், அதற்குள் மூன்று முகங்கள் மேலும் திரையில் சுட்டும் குறியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பொய் என்று எழுதினேன். உறுப்பினர் ஏட்டிலிருந்து அவர் பெயரை அடித்தேன். இந்த ஒலிபெருக்கியில்தான் அதை வாசித்தேன்.

யார் அவர்? என்னைத் தோளில் சுமந்து வளர்த்தவர். பன்னிரண்டு வயதில் எனக்குத் துப்பறியும் விளையாட்டு என்றால் என்ன என்று காட்டியவர். என் உடன்பிறந்த அக்கா!

ஆம் அன்பர்களே, தூணுக்குப் பக்கத்தில் இருப்பவர் அவர்தான். எல்லோரும் ஒரேயடியாகத் திரும்பாதீர்கள், அவருக்குப் பிடிக்காது. திரையையும் விட்டுவிடாதீர்கள். நான்கு நிமிடம் ஓடியிருக்கிறது.

அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். "அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க" என்று நாளெல்லாம் சொல்லுகிறவர். படம் எடுத்தவுடன் எல்லோரும் கேட்பார்கள்: "எலும்பு ஒடஞ்சிருக்காம்மா?" இருபது ஆண்டுகளாக ஒரே பதில்: "டாக்டர் சொல்லட்டும். எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன்." அப்படிப்பட்டவரைத்தான் நாம் பொய்யர் என்றோம். ஆதாரம் போதாமல் யாரையும் குற்றவாளி ஆக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற துப்பறியும் மன்றம், ஆதாரம் போதாமல் தன் சொந்த உறுப்பினரைத் தண்டித்தது! இதைவிட வெட்கக்கேடு வேறு உண்டா?

அதற்குப் பிறகும் அக்கா என்னிடம் முகம் கொடுத்தார். வீட்டுக்குப் போனால் "சாப்டியா?" என்று கேட்பார். ஆனால் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. முன்பெல்லாம் கதவைத் திறக்குமுன்பே துப்புப் பேசத் தொடங்கியவர்! அந்த மௌனம் இரண்டு ஆண்டுகளாக என்னைத் தின்றது. இருந்தும் என் ஏட்டை நான் திருத்தவில்லை. விதி அல்லவா, விதி!

போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். இதே காட்சியில், இதே கேள்விக்கு முன் உட்கார்ந்திருக்கிறேன். கைப்பேசி அலறுகிறது. அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு அம்மா. என் கூட்டாளி வண்டியில் கிளம்பிவிட்டார். அவர் சேரும்வரை அந்த அம்மாவைப் பேச்சில் வைத்திருக்க வேண்டியது என் வேலை. கன்ட்ரோலரைத் தரையில் வைத்தேன்.

"தம்பி, எல்லா பட்டனையும் அழுத்திட்டேன், நகரவே மாட்டேங்குது!"

"அம்மா, எதையும் அழுத்தாதீங்க. கையை எடுத்துடுங்க. ஆள் வந்துக்கிட்டு இருக்கு. சும்மா நில்லுங்க, அது போதும்."

"சும்மா எப்படிப்பா நிக்கிறது?"

"என்கூடப் பேசிக்கிட்டே நில்லுங்க."

பேசினோம், பேசினோம். அவர் மகள் கணக்கில் புலி, எழுத்தில் பூனை என்பது வரைக்கும் பேசினோம்! கதவு திறந்தது, அம்மா வெளியே வந்தார், அழைப்பு முடிந்தது. கைப்பேசியில் நேரத்தைப் பார்த்தேன். சரியாகப் பன்னிரண்டு நிமிடம். நிமிர்ந்து திரையைப் பார்த்தேன்.

என்ன பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்! கூச்சல் போடாதீர்கள், சொல்லவே மாட்டேன்! முடிந்ததும் பாய்ந்து போய் சேவ் பட்டியலைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. நீங்கள் எதையுமே தேர்ந்தெடுக்காதபோது எதைச் சேவ் செய்யும் அது? கடிகாரம் வைத்து மறுபடி சோதித்தேன். குறியை ஒரு நூல் அளவு நகர்த்தினாலும் காத்திருந்த நேரமெல்லாம் வீண், முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. அதனால்தான் நம்மில் ஒருவருக்கும் அது தென்படவில்லை. நமக்குத்தான் விரல் சும்மா இருக்காதே!

படம் பிடித்து வந்திருக்கலாமே என்கிறார் மெகாபோன் அண்ணன். வெட்டி ஒட்டியது என்பீர்கள் அண்ணே. மற்றவர்களை விடுங்கள், நானே சொல்லியிருப்பேன்!

அன்றே அக்கா வீட்டுக்கு ஓடினேன். "அக்கா, நீ எப்படி அவ்வளவு நேரம் அழுத்தாம இருந்த?" என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "மூணு பேர் முகத்தையும் பாத்துக்கிட்டு இருந்தேன்டா. யாருன்னு எனக்குத் தெரியல. தெரியாம எப்படி ஒருத்தன் மேல கை வைக்கிறது?" எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்றத்துக்கு வா" என்றேன். "என் பேரே அங்க இல்லையே, வாசல்ல என்ன சொல்லி வர்றது?" என்றார். "செயலாளரோட அக்கான்னு சொல்லு" என்றேன். "அந்தப் பேர் எனக்கு வேணாம்" என்றார். அதனால்தான் பார்வையாளர் அட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஐயோ, தலைவர் மணியை எடுத்துவிட்டார்! ஐயா, பத்து நிமிடம் ஆகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். இன்னும் இரண்டே நிமிடம்! உங்கள் நாற்காலியில் எத்தனை முறை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்திருக்கிறேன், எனக்காக ஒரு முறை நீங்கள் காத்திருக்கக் கூடாதா? நன்றி ஐயா! மணி கீழே இறங்கிவிட்டது, கைதட்டுங்கள்!

அன்பர்களே, எந்த முடிவு சரி என்று பேசத்தான் என்னை அழைத்தீர்கள். சமையல்காரர் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மாட்டேன்! மருமகன் என்றும் சொல்ல மாட்டேன்! மருத்துவர் என்றும் சொல்ல மாட்டேன்! தெரிந்ததைச் சொல்ல நாக்கு போதும். தெரியாது என்று சொல்லத்தான் துணிவு வேண்டும்! நான்கு ஆண்டுகளாக நம்மில் ஒருவருக்கும் இல்லாத அந்தத் துணிவு ஒரே ஒருவருக்கு இருந்தது. அவரை நாம் வெளியே...

பாருங்கள்! திரையைப் பாருங்கள்!

இசை நின்றுவிட்டது. அம்மையார் தொப்பியைக் கழற்றுகிறார். சத்தம் போடாதீர்கள், அவர் பேசுவது கேட்கட்டும்... கேட்டீர்களா? "உங்களில் யார் என்று எனக்குத் தெரியவில்லை." கேட்டீர்களா! சமையல்காரர் எழுந்து நிற்கிறார். "சொல்லிடறேன் அம்மா. மூணாவது கோப்பையை நிரப்பினது ஐயாவேதான். மருந்துன்னு நினைச்சுப் புட்டியை மாத்தி எடுத்துட்டார். எங்க மேல பழி வந்துடும்னு பயந்து மூணு பேரும் மறைச்சோம்."

கொலையே இல்லை, அன்பர்களே! கொலையே இல்லை!

மெகாபோன் அண்ணன் நாற்காலி மேல் ஏறிவிட்டார்! இறங்குங்கள் அண்ணே, வாடகை நாற்காலி! என்ன கேட்கிறீர்கள்? "சேவ் எங்கே?" என்றா? சேவ் இல்லை! ஒருபோதும் இருக்கப்போவதில்லை! இந்த மண்டபத்தில் இருநூறு பேர் கண்ணால் கண்டோம். இன்று முதல் நாம்தான் சேவ்!

இதோ உறுப்பினர் ஏடு. அடித்த கையாலேயே எழுதுகிறேன். செயலாளரின் அக்கா என்று அல்ல, எக்ஸ்ரே அம்மா, நான்காவது முடிவை முதலில் கண்டவர் என்று எழுதுகிறேன். மன்னித்துவிடு அக்கா. ஊரறியப் பழித்தேன், ஊரறியக் கேட்கிறேன்.

எழுந்துவிட்டார்! பார்வையாளர் அட்டையைக் கழற்றுகிறார்! ஏதோ சொல்கிறார், அமைதி, அமைதி... "போதும்டா, எல்லாருக்கும் பசிக்குது, பேச்சை முடி. வீட்டுக்கு வா, அந்தச் சாவி விஷயம் ஒண்ணு பேசணும்" என்கிறார்!

சாவி விஷயம் பேச வேண்டுமாம், அன்பர்களே! இரண்டு ஆண்டுகள் கழித்து! இனி எனக்கு என்ன வேண்டும்? மணியடிக்காத தலைவருக்கும், பொத்தானைத் தொடாமல் பொறுத்த உங்களுக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்!