சோபா வாடையும் சானமாவு யானையும்

பூனை மூத்திரத்தின் மேல் வெந்நீர் ஊற்றக் கூடாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ரேஞ்சர் ஐயா. வெந்நீர் பட்டால் வாடை துணிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் நீங்கள் சோபாவையே கொளுத்தினாலும் சாம்பல் நாறும்.

நீங்கள் யானையைப் பற்றிக் கேட்கிறீர்கள். அங்கேதான் வருகிறேன். கெம்பம்மாவைக் கொன்ற ஒற்றைத் தந்த யானையைச் சுடுவதற்கு உத்தரவு வந்துவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கேட்டதும் ஓசூருக்கு நடந்தே வந்துவிட்டேன். எழுபத்தொரு வயதில் அது பெரிய நடை. வாயில்லாத ஒரு பிராணியின் மேல் இல்லாத பழியைப் போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

என் பெயர் சென்னகிருஷ்ணன். ராயக்கோட்டை சாலை பங்களாவில் முப்பது வருஷமாக வேலை. நாற்பத்தேழில் துரை கப்பல் ஏறும்போது பங்களாவை இப்போதைய எஜமானி வெங்கடம்மாளின் வீட்டுக்காரருக்கு விற்றார். பங்களா, மூன்று பேர் உட்காரும் சோபா, ஒரு வெள்ளைப் பூனை, நான். இந்த வரிசையில்தான் துரை பட்டியல் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அம்மாள்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார்.

போன ஐப்பசியில் சோபாவில் வாடை ஆரம்பித்தது. சாதாரண வாடை இல்லை. ஈ வந்தால் வாசலோடு திரும்பிவிடும். சுவர்க் கடிகாரத்தின் முள் சோபா பக்கம் வரும்போது கொஞ்சம் தயங்கும். நம்பாவிட்டால் அம்மாளைக் கேட்டுப் பாருங்கள்.

"சென்னகிருஷ்ணா, தை மாசம் பெங்களூர்க்காரங்க நம்ம பொண்ண பாக்க வராங்க. அதுக்குள்ள இந்த நாத்தம் போவணும். போவலன்னா உன் பொட்டிய எடுத்துக்கினு கௌம்பிடு" என்றார் அம்மாள்.

"பூன பண்ற வேலைங்க அம்மா."

"பூனையப் பாத்துக்கறது யார் வேல?"

எனக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. பங்களாவின் பின்கட்டு அறைதான். அதனால் முறையாகவே வேலையைச் செய்தேன். ஈரம் காய்வதற்கு முன் பழைய பருத்தித் துணியை வைத்து அமுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. எலுமிச்சம்பழச் சாற்றைப் பச்சைத் தண்ணீரில் கலந்து தெளிக்க வேண்டும். காய்ந்ததும் சோடா உப்பைத் தூவி, ஒரு பகல் விட்டு, பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். உள்ளே இருக்கிற தேங்காய் நாரில் இறங்கிவிட்டால் இதெல்லாம் பலிக்காது. அடித்தையலைப் பிரித்து நாரை எடுத்து, கல்லுப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, பாறையில் உலர்த்தி, திரும்பத் திணிக்க வேண்டும்.

கார்த்திகையில் ஒரு தடவை பிரித்தேன். உப்பில் ஊறிய நாரில் கொஞ்சத்தை அலசாமல் பாறையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் ஒற்றைத் தந்தம் நின்றுகொண்டிருந்தது. ராகி அறுப்புச் சமயத்தில் சானமாவுக் காட்டுக்கு வருகிற கூட்டத்து யானை. நாரைத் தின்றது. பாறையை நக்கியது. பாறையில் கிடந்த என் துண்டையும் மென்று பார்த்தது. பக்கத்திலேயே ராகிப் போர், அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உப்பென்றால் அதற்கு அத்தனை ஆசை. போகும்போது, இன்னும் இருக்கிறதா என்று கேட்பது மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

வாடை திரும்ப வந்தது. பூனையைக் கோணிப்பையில் கட்டி, தேன்கனிக்கோட்டை வரை பஸ்ஸிலும் அதற்கு மேல் மாட்டு வண்டியிலும் அஞ்செட்டிக்குக் கொண்டுபோய் விட்டுவந்தேன். கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் போட்டார். மூன்றாம் நாள் சோபா மறுபடி ஈரம்.

பங்களாவைக் கூட்டிப் பெருக்க வந்துகொண்டிருந்தவள்தான் கெம்பம்மா. நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, சானமாவுக் காட்டோரம் தனிக் குடிசை. அவள் ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"தாத்தா, பூன அஞ்செட்டில கீது. மூத்திரம் மட்டும் பஸ் ஏறி வந்துட்டுதா?"

"வேற பூன வந்திருக்கும்."

"கதவு சாத்திக் கீது, ஜன்னலு சாத்திக் கீது. மத்தியானத்துல நீங்க ஒருத்தர் தான இதுல படுக்கறீங்க." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வயசானா வர்றது தான் தாத்தா. எங்கப்பனுக்கும் இருந்துச்சு. அம்மாகிட்ட நானே பதமா சொல்றேன். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவாங்க. திட்ட மாட்டாங்க."

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் சொன்னது தவறு, அவ்வளவுதான். ஆனால் அன்று சாயங்காலம் பின்கட்டுக் கொடியில் என் வேட்டி துவைத்துக் காயப்போட்டிருந்தது. கெம்பம்மாவிடம் நான் துவைக்கச் சொல்லவில்லை. அதைப் பார்த்தபோதுதான் முடிவு செய்தேன்.

"பெங்களூர்க்காரங்க வந்துட்டுப் போவட்டும், அப்புறம் சொல்லு" என்றேன்.

"ஆவட்டும் தாத்தா" என்றாள்.

அதற்கு நன்றியாக அவளுக்கு ஒரு மெத்தை தைத்தேன். சோபாவிலிருந்து இரண்டாம் தடவை பிரித்த நார்; சோபாவுக்குப் புது நார் வாங்கித் திணித்துவிட்டேன். பழைய நாரைக் கல்லுப்புத் தண்ணீரில் இரண்டு நாள் கூடுதலாக ஊறப்போட்டேன். அலசவில்லை. நடுவில் நான்கு அச்சு வெல்லம் வைத்தேன். வெல்லம் உறுத்தாமலிருக்கச் சுற்றிலும் பஞ்சு வைத்தேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

"எனக்கெதுக்கு தாத்தா மெத்த, ராணி மாதிரி?" என்றாள். பிறகு தடவிப் பார்த்தாள். "நசநசன்னு கீதே."

"புது நார், அப்படித்தான் இருக்கும். வெய்யில்ல போடாத, ஒடிஞ்சிடும். காட்டுப் பக்கத்துச் சுவரோரமாப் போட்டுக்க, அங்க தான் காத்து அடிக்காது."

அவள் அதைத் தலையில் சுமந்துகொண்டு போனாள். சாலை திரும்பும் இடம் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். கனம், ஆனாலும் வேகமாகத்தான் நடந்தாள். வாழ்நாளில் பாயைத் தவிர வேறெதிலும் படுத்தவள் இல்லை.

நான்காம் நாள் விடியற்காலையில் சுவர் சரிந்தது. குடிசையில் ராகி மூட்டை அப்படியே இருக்க, யானை ஏன் சுவரை இடித்தது என்று புரியவில்லை என நீங்கள் எழுதியிருக்கிறீர்களாம். அந்த இடத்தில் உப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். கெம்பம்மாவைக் கொன்றது நான். யானை சாப்பிடத்தான் வந்தது.

தையில் பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். அதற்கு முன் பத்து நாள் நான் சோபாவின் பக்கமே போகவில்லை, கண்ட இடத்தில் படுத்துக்கொண்டேன். வாடை ஒரு துளியும் இல்லை. மாப்பிள்ளையின் தாயார் வெல்வெட்டைத் தடவிப் பார்த்து, புதிதா என்று கேட்டார். அம்மாள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என் வேலை எனக்கு நிலைத்தது. பூனை போனதால்தான் வாடை போனது என்று அம்மாளே சொன்னார். கெம்பம்மா இருந்திருந்தால் அவளும் ஒப்புக்கொண்டிருப்பாள்.

காகிதத்தை இப்படிக் கொடுங்கள், உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போடுகிறேன். எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள், ஐயா. உங்கள் நாற்காலி மெத்தை ஈரமாக இருக்கிறது. நான் வந்து உட்காரும்போதே அப்படித்தான் இருந்தது. இந்த ஆபீசுக்குள் எங்கேயோ ஒரு பூனை இருக்கிறது, பியூனைத் தேடச் சொல்லுங்கள்.