கோதில் வைத்த ரசம்

விடத்தல்தீவிலிருந்து மன்னார் போகும் காலை பஸ்ஸில், நண்டுத் தொழிற்சாலைச் சீருடையோடு இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள்.

“என்ர மனுசன் பிடிக்கிற நண்டை நான் களவெடுத்துத்தான் தின்னோணும் போல.”

“ஏனடி, கறிக்கெண்டு ரெண்டை எடுத்து வைக்கிறேல்லையே?”

“அது முந்தி. இப்ப வலை குடுத்தது எங்கட கொம்பனி. கரையிலயே லொறி நிக்குது, எல்லாத்தையும் ஏத்திப்போடுவாங்கள். பிறகு நான் உள்ளுக்கிருந்து சதை எடுக்கிறன். வெளிக்கிடேக்க வாசல்ல பையைச் சோதிக்கிறாங்கள்.”

“மகள் காய்ச்சலில நண்டு ரசம் கேட்டவளெண்டாய்?”

“சதை எடுத்த வெறும் ஓடு, அந்தக் கோதை மட்டும் கொண்டுபோக விடுவாங்கள். அதை அவிச்சு வைச்சுக் குடுத்தன்.”

“குடிச்சவளோ?”

“மணந்து பாத்திட்டு வைச்சிட்டாள். ‘இது ஒவ்வொரு நாளும் உங்கட கையில மணக்கிறதுதானே அம்மா, நண்டு எங்க?’ எண்டு கேக்கிறாள்.”