அறுபத்தொன்றாம் எண்

அந்த இணையதளத்தை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். பாஸ்வேர்டு கூடக் கேட்காது. நோயாளிகளின் மரபணு விவரங்களை ஏற்றிப் பொத்தானை அழுத்திவிட்டு ஒரு காபி குடித்து வந்தால், எந்த மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மருந்து ஆபத்து என்று சிவப்பில் காட்டும். பன்னிரண்டு வருடமாக எனக்கு அதுதான் வேலை. யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

புது மருந்து ஒன்றைத் தொண்ணூறு பேருக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபத்தொன்றாம் எண் என் மகள். அவள் மருந்து டப்பாவில் அந்த எண் இருந்தது. அலுவலகத்தில் நான் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்தவள், மூன்றாம் மாதம், "அப்பா, இன்னிக்கு நானே மாடி ஏறிட்டேன்பா" என்றாள். அன்றைக்கு அழுதுவிட்டேன். அவள் நோய்க்கு வேறு மருந்து கிடையாது.

அடுத்த வாரம் திரை சிவந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் அதற்குள் ஆறு பேர் இறந்திருந்தார்கள். ஆறு பேருக்கும் ஒரே மாற்றம். அது என் மகளுக்கும் இருந்தது. சொன்னால் மருந்தை அன்றே நிறுத்திவிடுவார்கள். அவள் மாடி ஏறுவதையோ நான் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு டிக் இருக்கும். பரிசோதனைக்கு வந்த ரத்தம் கெட்டிருந்தால் அந்த டிக்கை எடுத்துவிடலாம், அவர் கணக்கில் வரமாட்டார், விதியே அப்படித்தான். ஆறு டிக்கை எடுத்தேன். சிவப்பு பச்சையானது.

"ஆறு பேரை ஏன் சார் விட்டுட்டீங்க?" என்று அந்தச் சோதனையின் தலைமை மருத்துவர் கேட்டார்.

"ரத்தம் கெட்டுப்போச்சு டாக்டர்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர். அவரை இதில் இழுக்காதீர்கள்.

பிறகு நான்கு பேர் போனார்கள். அதே மாற்றம். நான்கு டிக். ஆனால் வீட்டில் அவள் சாப்பிட்ட தட்டை அவளே கழுவினாள், தம்பியோடு மல்லுக்கு நின்றாள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

போன செவ்வாய்க்கிழமை அவளும் போய்விட்டாள், மாடிப்படியில். என் மனைவி அந்தப் படியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "அந்த மருந்தா இருக்குமோங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் அலுவலகம் போனேன். அறுபத்தொன்றாம் எண்ணின் டிக்கையும் எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். பச்சைதான் வந்தது. திரும்பி வந்து படியில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாத்துட்டேன்மா. மருந்தால இல்ல."

சந்தேகம் இருந்தால் நீங்களும் போட்டுப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்காது.