முதலாளிக்கு மட்டும் தெரியாத போல்டர்

அதத்தாம்வே பிரின்ஸு நானும் சொல்லுதேன். பிளெக்ஸ் கடை என் கடை. சர்வர் என் காசுல உம்மகிட்ட வாங்குனது. டிசைன் போடுத அனு கம்ப்யூட்டர்ல தெரியுது, வேலைக்கு நிக்குத பாண்டியராஜ் கம்ப்யூட்டர்ல தெரியுது, முதலாளி எனக்கு மட்டும் அந்தப் போல்டர் தெரியல. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரும். மிஷினுக்குப் பக்கத்துல வேண்டாம், மை வாடை மண்டையப் பிடிக்கும்.

பாத்தீரா, என் ஸ்கிரீன்ல கல்யாணம்னு போல்டர் இருக்கு, காதுகுத்து இருக்கு, சடங்கு இருக்கு, ஆடித்தபசு இருக்கு, கண்ணீர் அஞ்சலி இருக்கு. அவ்வளவுதான். அனு சாப்பிடப் போன நேரம் அவ சீட்டுல போயி உக்காந்தேன். அங்கன இதுக்கெல்லாம் கீழ பழசுன்னு ஒண்ணு கெடக்கு. அமுக்கப் போறேன், டிபன் டப்பா மூடுத சத்தம் கேக்கு. ஒண்ணும் தெரியாதவன் மாதிரி எந்திச்சு வந்துட்டேன்.

செய்யாம இருப்பனா? ஆப் பண்ணி ஆன் பண்ணுனேன். வயரப் பிடுங்கிச் சொருகுனேன். ஸ்கிரீனுக்குக் கீழ ஒளிஞ்சிருக்குமோன்னு பெரிய மானிட்டரு வாங்குனேன். சிரிக்காதேயும்வே. உம்மகிட்டதான வாங்குனேன், அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா.

என்னது, பெர்மிஷனா? அனுமதி இல்லாத ஆளுக்குப் போல்டரே கண்ணுல படாதா? என்ன அநியாயம்வே. வீட்டப் பூட்டிப் போட்டாலும் கதவாவது தெரியும்லா. இதுல வீடே இல்லேங்கீரு. சரி, எல்லாருக்கும் அனுமதின்னுதான போட்டுருக்கு, அந்த எல்லாருல நான் கெடையாதா? ஓகோ, வெள்ளத்துரைக்கு மட்டும் கூடாதுன்னு தனியா ஒரு தடை இருக்கா. ரெண்டும் மோதுனா தடைதான் ஜெயிக்குமாக்கும். என் வீட்டு நெலவரம்தான் இங்கனயும்.

போட்டது பாண்டியராஜா? இருக்கட்டும், கோவம்லாம் இல்ல. அவனக் கரிவலம்வந்தநல்லூருக்குப் பிளெக்ஸ் கட்ட அனுப்பிட்டு, அனுவ மதியத்தோட வீட்டுக்குப் போகச் சொல்லிட்டுத்தான் உமக்குப் போன் அடிச்சேன். அவன் வரதுக்குள்ள தடைய எடும்.

சே, தனிக்கடை போடுதானோன்னு சந்தேகம்லாம் இல்லவே. தங்கமான பிள்ளைக. தொழில் நான் சொல்லிக் குடுத்தது. ஊர்ல ஒரு ஆள நெஞ்சுவலின்னு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா, அப்பவே போட்டோ வாங்கி அஞ்சலி டிசைன் போட்டு வச்சிரணும். ஆள் போன பெறவு சொந்தக்காரன், கட்சிக்காரன், சங்கத்துக்காரன்னு எல்லாவனும் ஒரே நேரத்துல வந்து நிப்பான். பொழைச்சு வந்துட்டா சத்தமில்லாம அழிச்சிரணும். அப்படி ஒண்ணு போட்டு வச்சது அந்த ஆளுக்குத் தெரியவே கூடாது. நான் போட்ட சட்டம்தான்.

ஆமா, எனக்குந்தான் தை மாசம் முடியாம போச்சு. அங்கதான் கொண்டு போனாவ. கடைசியில வாயுன்னுட்டாவ. பரோட்டா பாத்த வேலை.

தொறந்துட்டீரா? ஸ்கிரீனக் கைய வச்சு மறைக்காதேயும், என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் ஐசியூல கெடக்கும்போது பாண்டியராஜ் என் வீட்டுக்காரிக்குப் போன் போட்டு, அழுதுக்கிட்டே, அண்ணாச்சி போட்டோ ஒண்ணு அனுப்புங்கன்னுருக்கான். அவ பதட்டத்துல கையில கெடச்சத அனுப்பிட்டா. நேத்துதான் வாய விட்டா. மச்சினன் கல்யாணப் பந்தியில எடுத்தது. நல்லாப் பாரும், பாதி அப்பளம் வாய்க்குள்ள, பாதி வெளிய. அந்த மூஞ்சியோட பஸ் ஸ்டாண்டுல பத்தடி உயரத்துக்கு நிக்கணுமா நான்?

பொழைச்சு வந்த பெறவும் அழிக்கல பாத்தீரா. நான் பரோட்டாவ விடலன்னு பயலுக்குத் தெரியும்.

வேண்டாம்வே, அழிச்சிராதேயும். அனு சுத்தி மல்லிகைப்பூல்லாம் வச்சு என்னமா செஞ்சிருக்கா. இந்தாரும் பென் டிரைவு, இதுல கோட்டு போட்டு எடுத்தது இருக்கு. போட்டோவ மட்டும் மாத்திட்டு, அந்தத் தடைய மறுபடியும் என் பேர்ல போட்டு விட்டுரும். நான் பாத்தேன்னு தெரிஞ்சா பிள்ளைக மனசு சங்கடப்படும்.