சோத்தாங்கைப் பக்கம்

அட, மன்னிப்பெல்லாம் எதுக்குங்க? எடது கையால குடுத்தா தண்ணி கசக்கவா போகுது? குடுங்க. அப்பாடா, இப்பதான் தொண்டை நனைஞ்சுது. பொறந்ததுலேர்ந்தே எடது கைதானா? சாப்பிடறதும் அதுலயேவா? எங்க மாப்ளையும் அப்படித்தாங்க. தங்கச்சி வீட்டுக்காரர். அவங்க வீட்டுக்குப் போகத்தான் இந்த பஸ்ல ஏறினேன்.

நாங்க ரெண்டு பேரும் படகு எஞ்சின் மெக்கானிக்குங்க. இத்தனை வருஷமா வெளிய தொங்கவிடற எஞ்சின்தான். படகோட வாலுல ஒண்ணை மாட்டி, போல்ட்டை முறுக்கி, கயித்த இழுத்தா வேலை முடிஞ்சுது. இந்தத் தடவைதான் மொத மொதல்ல உள்ள வெக்கிற எஞ்சின். அதுவும் ஜோடியா ரெண்டு. யோசிச்சு சொல்லலாம் மச்சான்னார் மாப்ள. நமக்குத் தெரியாத எஞ்சினான்னு நான்தான் வாய் விட்டு வேலைய வாங்கினேன்.

சிரிக்காதீங்க, படகு வயித்துக்குள்ள எறக்கறதுக்குள்ள நாக்குத் தள்ளிடுச்சு. சங்கிலில தொங்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமா எறக்கி, காத்தாடியச் சுத்தற தண்டு நேரா நிக்குதான்னு பாத்து, நிக்கலைன்னு மறுபடி தூக்கி... நான் கத்து கத்துன்னு கத்துவேன். அவர் வாயே தொறக்க மாட்டார். பொறுமைக்குப் பொறந்த மனுஷன்.

கடைசியா கியர் கேபிள். மேல ஓட்டுறவர் கேபின்ல ரெண்டு லீவர், எஞ்சினுக்கு ஒண்ணு. நான் கீழ எஞ்சின் சந்துல படுத்துக்கிட்டு கேபிளை மேல தள்ளணும், மாப்ள அதை லீவர்ல மாட்டணும். இது சோத்தாங்கைப் பக்கத்து எஞ்சினோடதுன்னு கீழேர்ந்து கொரல் குடுத்தேன். சோத்தாங்கைப் பக்கத்து லீவர்ல மாட்டினார்.

முந்தாநேத்து தண்ணில எறக்கினோம். ஊரே கூடிடுச்சு. நேராப் போறப்ப ராஜா மாதிரி போச்சு. ரெண்டு லீவரையும் ஒண்ணா முன்னுக்குத் தள்ளினா எது எதோடதுன்னு யாருக்குத் தெரியும்? கரைக்கு வந்து திரும்பறப்பதான் வெனையே. ஒரு எஞ்சினை முன்னுக்கும் இன்னொண்ணைப் பின்னுக்கும் போட்டுத்தான் திருப்பணும். ஓனர் வெளிப்பக்கமா திருப்பப் போனார், படகு கரைப்பக்கமா திரும்பி, படகு கட்டற மேடையில போய் டமார்னு மோதுச்சு. படகோட மூக்கு பொளந்துடுச்சு. நல்லவேளை, யாருக்கும் அடியில்ல. ஓனர் மட்டும் தண்ணில விழுந்து, தொப்பலா நனைஞ்சு ஏறி வந்து, யார்யா கேபிள் மாட்டினதுன்னார்.

கேபிள் மாறிடுச்சுன்னு எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. எல்லாரும் என் மூஞ்சியையே பாக்கறாங்க. நாக்குல எந்தச் சனி வந்து உக்காந்துச்சோ, எங்க மாப்ளைக்கு சோத்தாங்கைன்னா எடது கைதானேன்னுட்டேன். கொல்லுன்னு சிரிச்சாங்க. ஓனரே சிரிச்சுட்டார். சிரிச்சு முடிச்சுட்டு, இந்தாளு இனிமே என் படகுல கை வெக்கக் கூடாதுன்னார். பக்கத்துல நின்ன மத்த ஓனருங்களும் தலைய ஆட்டினாங்க. அவ்வளவுதான், அந்தக் கரையில இனிமே மாப்ளைக்கு வேலை கெடையாது. எனக்கு உண்டு.

அவரா? என்னை ஒரு பார்வை பாத்தார். ஸ்பேனரைத் தொடச்சு என் பெட்டிக்குள்ள வெச்சுட்டு நடையக் கட்டிட்டார். பொண்டாட்டியோட அண்ணனை நாலு பேர் முன்னாடி விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு நெனச்சிருப்பார். நான் விட்டுக் குடுத்துட்டேனே.

காலைல தங்கச்சி போன் பண்ணுச்சு. என்னண்ணே ஆச்சு இவருக்கு, நேத்துலேர்ந்து வலது கையால சாப்பிடறாரு, வாய்க்குப் பாதி மடிக்குப் பாதியா போகுது, கேட்டா பழகிக்கறேங்கறாருன்னு. செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சுங்க. வெக்கமா இருக்கு. யார்கிட்டயும் சொல்ல முடியல, முன்ன பின்ன தெரியாத உங்ககிட்ட ஒளறிட்டிருக்கேன்.

இல்லீங்க, அவர் தப்பா மாட்டல. அந்த சந்துல நான் படகோட பின்பக்கத்தைப் பாத்துப் படுத்திருந்தேன். எனக்கு சோத்தாங்கைன்னா, படகுக்கு அது எடது கை.

எந்த ஸ்டாப்பா? தண்ணித் தொட்டி ஸ்டாப்புங்க. ஆமா, தாண்டிடுச்சு, பாத்தேன். நீங்க ஏறறதுக்கு முன்னாடி, அந்தப் பக்கமா போறப்பவும் தாண்டுச்சு. அப்பவும் எறங்காம கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, இப்ப இதே பஸ்ல திரும்பி வந்துட்டிருக்கேன்.

தெரியாம நடந்துடுச்சுன்னு சொல்லலாந்தான். ஆனா அன்னிக்கு மாட்டறதுக்கு முன்னாடி அவர் குனிஞ்சு கேட்டாருங்க, உங்க சோத்தாங்கையா, படகோட சோத்தாங்கையா மச்சான்னு. சோறு திங்கற கை எதுன்னுகூடவா உனக்குத் தெரியாது மாப்ளன்னு நான்தான் சிரிச்சேன்.

இந்தாங்க, உங்க பாட்டில். எந்தக் கையால வேணா வாங்கிக்குங்க.